வேதாகமம் வாங்கும்முன் கடையிலேயே ஒரு சோதனை

தனிவாசிப்புக்கு வேதாகமம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அட்டையையும் ஜிப்பையும்தான் பார்க்கிறார்கள். அதை விட்டுவிட்டு, பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தைத் திறந்து நின்றபடியே ஒருமுறை படியுங்கள். சங்கீதம் 23 இதற்கு உதவாது. மனப்பாடமாகத் தெரிந்த பகுதி எந்தப் பதிப்பிலும் எளிதாகத்தான் தெரியும். பவுலின் வாதம் இரண்டாம் வாசிப்பிலும் பிடிபடவில்லையென்றால் அந்த மொழிநடை உங்களுக்குச் சரிவராது.

சபைகளில் அதிகம் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் முடித்தது. வசனத்தை மனப்பாடம் செய்யவும், ஆராதனையில் கூடவே வாசிக்கவும் அதற்கு ஈடில்லை. ஆனால் தீர்க்கதரிசிகளின் புத்தகங்களில் பலர் திணறுகிறார்கள். அவர்களுக்கு 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு நல்ல துணை. வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று பாருங்கள்: கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள், சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகளுக்கானதில் 66. என்னைக் கேட்டால், தியானத்துக்குப் பழையது, படிப்புக்குப் பக்கத்தில் புதியது.

விளக்கக் குறிப்புகள் உள்ள பதிப்பு என்றால் முன்னுரையை முதலில் படியுங்கள். குறிப்பு எழுதியவரின் சபைக் கொள்கை அந்தக் குறிப்புகளில் கட்டாயம் கலந்திருக்கும். புதிதாகப் படிக்கிறவருக்கு வசனம் எது, விளக்கம் எது என்றே குழம்பிவிடும். ஓரத்தில் இணைவசனம் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண்) மட்டும் தரும் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், எழுத்தின் அளவை இரவு விளக்கை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். தாள் மெல்லியது என்பதால் ஜெல் பேனா மறுபக்கம் ஊறும். கோடு போட பென்சில் போதும்.