இடுப்பில் ஈயம் கூடினால் பவளம் முறியும்

அந்தமானில் ஹேவ்லாக் தீவின் (இப்போதைய அரசுப் பெயர் ஸ்வராஜ் த்வீப்) நீமோ ரீஃப் போன்ற ஆழமில்லாத பவளத்திட்டுகளில்தான் பலரின் முதல் ஸ்கூபா டைவ். மூச்சை அடக்கக் கூடாது, காது வலிக்கும் முன்பே அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகும் சீசனுக்குச் சீசன் தொடரும் தவறுகள் இவை.

அளவுக்கு மீறிய ஈயம்

புதியவர் பதற்றத்தில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து வைத்துக்கொள்கிறார், காலை உதைத்துக்கொண்டே இருக்கிறார். மூழ்கவில்லை. உடனே இடுப்பு பெல்ட்டில் இன்னும் 4 கிலோ ஈயக்கட்டி ஏறுகிறது. ஆள் மூழ்கிவிடுவார், தொல்லை அதற்குப் பிறகுதான்.

அந்த 4 கிலோவைத் தாங்க, பிசிடி ஜாக்கெட்டில் (மிதப்பைக் கட்டுப்படுத்தக் காற்றடைக்கும் உடுப்பு) ஏறத்தாழ 4 லிட்டர் காற்று கூடுதலாக வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அடைத்த 4 லிட்டர், 5 மீட்டருக்கு ஏறினால் 5.3 லிட்டராகி ஆளை மேலே தூக்கும். பயந்து காற்றை வெளியேற்றினால் கல் மாதிரி இறங்குவார். இடுப்பை ஈயம் கீழே இழுக்கிறது, நெஞ்சை ஜாக்கெட் மேலே தூக்குகிறது. கால் தொங்கி, அதில் மாட்டிய ஃபின் (நீந்த உதவும் துடுப்பு) பவளத்தில் படுகிறது. மான்கொம்புப் பவளம் ஓர் உதைக்கே முறியும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே வளரும் உருண்டைப் பவளத்தின் மேல் கிளறிய மணல் படியும். 2010இல் கடல் சூடேறி வெளுத்துப்போன திட்டுகள் இவை.

எடைச் சோதனைக்கு 5 நிமிடம் போதும். கால் தரையில் எட்டாத இடத்தில், ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் கருவி) வாயில் வைத்து, ஜாக்கெட்டைக் காலி செய்து, அசையாமல் நிமிர்ந்து மிதந்திருங்கள். சாதாரண மூச்சை இழுத்துப் பிடித்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும் (மூச்சைப் பிடிப்பது மேற்பரப்பில் மட்டும்). விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். 1 கிலோவாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார் இருக்கும்போது பார்த்தால் கிடைப்பதே சரியான எடை. 200 பார் இருந்தால், சோதனை முடிவில் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 150 பார் தீர்ந்தால் காற்றின் எடையே 2 கிலோ குறைந்துவிடும். அதைச் சேர்க்காதவரால் டைவ் முடிவில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க முடியாது, தானாக மேலே மிதந்துவிடுவார்.

கூட்டம் அதிகம் என்று இந்தச் சோதனையைத் தவிர்த்து, ஈயத்தை அள்ளிக் கட்டி அனுப்பும் பழக்கத்தை மன்னிக்கவே முடியாது.

தொங்கும் குழாய்கள்

மாற்று ரெகுலேட்டரையும் அழுத்தமானியையும் ஜாக்கெட்டில் கிளிப் செய்யுங்கள். தொங்கினால் பவளத்தில் சிக்கும், வாய்ப்பகுதியில் மணல் அடைக்கும்.

கேமரா

அசையாமல் மிதக்கப் பழகும்வரை வேண்டாம்.

நினைவுப் பொருள்

கரையில் கிடக்கும் செத்த பவளத்தையும் எடுக்காதீர்கள். வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் பவளமும் இருக்கிறது.

மறுநாள் விமானம்

ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாலையில் இரண்டாவது டைவ் முடித்தவருக்கு மறுநாள் காலை விமானம் கூடாது. டிக்கெட் எடுக்கும்போதே இதைக் கணக்கிடுங்கள்.