சர்டிஃபைடு பழைய கார்: சான்றிதழையும் பாருங்கள், சீட் பெல்ட்டையும் இழுத்துப் பாருங்கள்

முதல் தடவை கார் வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். 'சர்டிஃபைடு' என்று ஒட்டியிருக்கும் பழைய காருக்குச் சான்று கொடுப்பது அரசாங்கம் இல்லை, விற்பவரேதான். கார் கம்பெனியின் சொந்தப் பெயரில் நடக்கும் கடை என்றால் அந்தச் சான்றுக்கு மதிப்பு அதிகம். உதாரணமாக மாருதி சுசூகியின் ட்ரூ வேல்யூ 2001-லிருந்து இருக்கிறது. 376 அம்சங்களைச் சோதிப்பதாகச் சொல்கிறார்கள். தேறிய வண்டிக்கு ஒரு வருடம் வரை வாரன்டி, மூன்று இலவச சர்வீஸ். எந்தக் கடையானாலும் விலையைப் பேசுவதற்கு முன்னால் அந்த வண்டியின் சோதனைத் தாளைக் கேளுங்கள். வாரன்டி தாளையும் வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும்தான் அதில் வரும். கிளட்ச், டயர், பேட்டரி எல்லாம் உங்கள் தலையில்தான்.

அடுத்தது, வீட்டிலிருந்தே செய்யும் வேலை. பதிவு எண்ணை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் எல்லாம் தெரியும். பாக்கி அபராதத்தை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். எத்தனையாவது ஓனர், கடன் ஏதும் இருக்கிறதா என்பதை ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில் பாருங்கள்.

சரி, இனி வண்டி. காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம், ஏனென்றால் ஸ்டார்ட்டிங் கோளாறும் புகையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் நன்றாக வெளிப்படும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

சென்னையில் வாங்குகிறவர்கள் வெள்ளத்தை மறக்கக் கூடாது. 2015-லும் 2023-லும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. போன வருடம் ஒரு கடையில் பளபளவென்று ஒரு வண்டி பார்த்தேன். சீட் கவர் புதுசு, உள்ளே சென்ட் வாசனை. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வெளியே தெரிகிற பாதி சுத்தம். ரோலுக்குள் சுருண்டிருந்த பாதியில் பழுப்பாக ஒரு சேற்றுக் கோடு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் துரு. கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இந்த இரண்டு இடத்தையும் கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

டயரில் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. மீட்டர் 20,000 கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் நான்கு டயரும் வண்டியைவிட மூன்று வருடம் புதுசு என்றால் ஏன் என்று கேளுங்கள். மீட்டரைத் திருப்பி வைப்பது இன்னும் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் கம்பெனி சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். பட்டி வைத்து பெயின்ட் அடித்த இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. அப்புறம் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிப்போய் ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு நெரிசல் எல்லாம் வருகிற மாதிரி ஓட்டிப் பாருங்கள்.

பிடித்துவிட்டதா? அட்வான்ஸுக்கு ரசீது வாங்குங்கள். வண்டி வேண்டாமென்றால் பணம் திரும்பும் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்த வண்டிக்குப் படிவம் 35-ம், ஆட்சேபனை இல்லை என்று வங்கி தரும் என்.ஓ.சி.யும் கட்டாயம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். டெலிவரி எடுத்த தேதி மட்டும் போதாது, நேரத்தையும் எழுதி வாங்குங்கள். அன்று காலை விழுந்த அபராதம் யாருடையது என்ற சண்டை வராது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், அவரோடேயே போய்விடும், அதனால் பிரீமியம் கொஞ்சம் ஏறும்.

கிளம்புவதற்கு முன் இரண்டாவது சாவியைக் கேளுங்கள். தொலைந்துவிட்டது என்றால் புதுச் சாவிக்கான செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.