மடக்கு ஸ்டூல் செய்யலாம் வாங்க: நாலு கால், ஒரு துண்டு கேன்வாஸ், ரெண்டு போல்ட்

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். வீட்டில் சமாளித்துவிடுவார். குலதெய்வம் கோயிலுக்குப் போனால்தான் சிக்கல். பொங்கல் வைத்து முடியும்வரை எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிளாஸ்டிக் நாற்காலியை பஸ்ஸில் ஏற்ற முடியாது. கடையில் கிடைக்கும் மீன்பிடி ஸ்டூல்களோ ரொம்பக் குட்டை. உட்கார்ந்துவிட்டால் ரெண்டு பேர் தூக்கிவிட வேண்டும்.

அதனால் நானே ஒன்று செய்தேன். முதலில் செய்தது மடங்கவில்லை. அந்தக் கதையும் வருகிறது. மரவேலை பழகாதவர்களும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடலாம்.

அட்டையில் ஒரு விளையாட்டு

ரம்பத்தைத் தொடும் முன் பழைய தினசரி காலண்டர் அட்டையிலிருந்து ரெண்டு பட்டை வெட்டுங்கள். நடுவில் குண்டூசி குத்திக் கத்திரி மாதிரி விரித்து மேசைமேல் நிறுத்துங்கள். மேல் முனைகள் ரெண்டையும் விரலால் அழுத்தினால் சர்ரென்று விரிந்து படுத்துவிடும். இப்போது மேல் முனைகளை ஒரு நூலால் இணைத்துக் கட்டிவிட்டு அழுத்துங்கள். நிற்கும்.

அந்த நூல்தான் நம் இருக்கைத் துணி. பார்ப்பவர்கள் மரம் தாங்குகிறது என்று நினைப்பார்கள். கால்கள் எந்நேரமும் விரிந்து விழத்தான் பார்க்கின்றன, விடாமல் பிடித்து வைத்திருப்பது துணி. துணியும் தையலும் சரியில்லை என்றால் தேக்கில் செய்தும் பயனில்லை.

அளவு: கொத்தனார் கணக்கு

அஸ்திவாரம் போடும்போது மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் கயிறு கட்டி 3 அடி, 4 அடி, 5 அடி அளப்பார் இல்லையா? அதே முக்கோணம்தான் இங்கேயும். இருக்கை அகலம் 30 செ.மீ., உயரம் 40 செ.மீ. என்று வைத்தால் காலின் நீளம் 50 செ.மீ. போல்ட் நட்டநடுவில், 25-இல்.

40 செ.மீ. உயரம் அம்மாவுக்காக. உங்களுக்கு வேறு வேண்டுமானால் செருப்போடு நின்று தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் அடிப்பக்கம்வரை அளந்து, அதில் ரெண்டு மூன்று செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்காரர்களுக்குக் குறைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வழுக்கும் டைல்ஸ் தரையில் துணி தாங்க வேண்டிய பக்கவாட்டு இழுவை, எடையை அகலத்தால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் வருவது. 70 கிலோ ஆள், 30 அகலம், 40 உயரம் என்றால் 52 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதே ஆளுக்கு 40 அகலம், 30 உயரத்தில் குட்டையாகச் செய்தால் 93 கிலோ! தாழ்வான ஸ்டூல்களில் துணி சீக்கிரம் கிழிவது இதனால்தான். இன்னொரு வம்பும் உண்டு. துணி 5 செ.மீ. தளர்ந்து அகலம் 35 ஆனால் உயரம் 36-க்கு இறங்கிவிடும், இழுவை 69-க்கு ஏறிவிடும். தளரத் தளர இழுவை கூடும், இழுவை கூடக் கூட இன்னும் தளரும்.

வாங்க வேண்டியவை

மரவாடியில் 2 × ¾ இஞ்ச் ரீப்பர் (மரச்சட்டம்) 8 அடியில் ஒன்று, 3 அடியில் ஒன்று. "இழைச்ச பிறகு ரெண்டு இஞ்ச் இருக்கணும்" என்று சொல்லி வாங்குங்கள். சொல்லாவிட்டால் இழைத்ததும் ஒன்றே முக்காலாகிவிடும். பழைய கதவு, ஜன்னலில் கழற்றிய தேக்கு கிடைத்தால் விடாதீர்கள். வேம்பும் போதும். எந்த மரமானாலும் ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும், கணு இருக்கக் கூடாது. முக்கியமாகக் காலின் நடுப்பகுதியில். பளு அதிகம் விழும் இடம் அதுதான்.

1 இஞ்ச் கனமுள்ள உருட்டுக் கம்பு 3 அடி, நல்ல கெட்டி மரத்தில். ஈஸிசேர் கம்பு தெரியுமல்லவா, அதேதான். ஜன்னல் திரைக்குப் போடும் குழாயும் ஒரு இஞ்ச்தான் இருக்கிறதே என்று மாட்டாதீர்கள். தகடு மெல்லிசு, வளைந்துவிடும்.

8 மி.மீ. போல்ட் 60 மி.மீ. நீளத்தில் 2, அதற்கு நைலாக் நட் 2, வாஷர் 6. ஸ்க்ரூ 1½ இஞ்சில் 8, 1¼ இஞ்சில் 4. சாதா நட் வேண்டாம். மடக்கி விரிக்கிற சாமானில் அது தானாகக் கழன்றுவிடும். நைலாக் நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையம் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

துணி, கெட்டியான பருத்தி கேன்வாஸ், 50 × 40 செ.மீ.

வெட்டுவதும் துளைப்பதும்

நாலு காலையும் 56 செ.மீ.யில் வெட்டுங்கள். 50 என்று சொல்லிவிட்டு 56 ஏன்? மேலே கம்புத் துளைக்கு அப்பால் மூன்றரை செ.மீ. மரம் இல்லாவிட்டால் முனை பிளந்துவிடும். கீழே பாதத்தைச் சாய்த்து அறுக்க ரெண்டு செ.மீ. போகும். மிச்சம் அரை செ.மீ. கைப்பிழைக்கு.

கால் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு இழுங்கள். மேல் முனையிலிருந்து 3.5 செ.மீ.யில் கம்புத் துளை, அங்கிருந்து சரியாக 25 செ.மீ. கீழே போல்ட் துளை. நாலு காலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, போல்ட் துளையை ஒரே மூச்சில் நாலிலும் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் ரெண்டு மி.மீ. வித்தியாசம் வந்து, ஸ்டூல் ஆயுசுக்கும் ஆடும். 1 இஞ்ச் கம்புத் துளையை ஃபிளாட் பிட்டில் (டிரில்லில் மாட்டும் தட்டை அலகு) போடும்போது அடியில் ஒரு கழிவுக் கட்டையை வையுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் சிலாம்பு பெயரும்.

போல்ட் துளை அகலத்தின் நட்டநடுவில் இருப்பது அழகுக்காக இல்லை. கால் வளையும்போது ஒரு விளிம்பு இழுபடும், மறு விளிம்பு நசுங்கும், நடுப்பகுதி சும்மா இருக்கும். அங்கே ஓட்டை போட்டால் பலம் அவ்வளவாகக் குறையாது. விளிம்போரம் போட்டால் ஒரு நாள் அங்கேயே முறியும்.

மடங்காத மடக்கு ஸ்டூல்

ரெண்டு கால் சேர்ந்து உள் சட்டம், ரெண்டு கால் சேர்ந்து வெளிச் சட்டம். உள் சட்டம் வெளிச் சட்டத்துக்குள் நுழைந்து திரும்ப வேண்டும். உள் சட்டத்தின் கால்களுக்கு நடுவே 36 செ.மீ. இடைவெளி. காலின் கனத்தையும் வாஷரையும் கூட்டினால் வெளிச் சட்டத்தின் உள் இடைவெளி 40.2 வரும். கீழே ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு குறுக்குக்கட்டை, தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில். உள்ளுக்கு 39.8, வெளிக்கு 44 செ.மீ. நீளம்.

என் முதல் ஸ்டூலில் குறுக்குக்கட்டைகளைக் கால்களின் உள் விளிம்பில், அதாவது கத்திரியின் வயிற்றுப் பக்கம் அடித்தேன். விரித்துப் பார்த்தால் அம்சமாக இருந்தது. மடக்கினேன். பாதி தூரம் வந்ததும் 'டொக்'. ஒரு சட்டத்தின் கட்டை மறு சட்டத்தின் கால்மேல் போய் முட்டி நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இது மடக்கு ஸ்டூலா, மக்கர் ஸ்டூலா?" என்றார்.

குறுக்குக்கட்டை ரெண்டையும் வெளியே பார்த்த விளிம்பில் வைக்க வேண்டும். கால்கள் ஒன்றையொன்று நெருங்கும் பக்கம் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் அதே அட்டைப் பட்டைகளில் கட்டை வரும் இடத்தில் தீக்குச்சி ஒட்டி மடக்கிப் பாருங்கள்.

விளிம்பின் அகலம் முக்கால் இஞ்ச்தான் என்பதால் ஒவ்வொரு முனையிலும் ரெண்டு 1½ இஞ்ச் ஸ்க்ரூவைப் பக்கத்தில் பக்கத்தில் அடிக்காமல், ஒன்றன்கீழ் ஒன்றாகக் காலின் நீளவாக்கில் போடுங்கள். முன்னதாக 3 மி.மீ. துளை அவசியம். இந்த மூட்டுக்கு மட்டும் ஃபெவிகால் வைக்கலாம்.

மேலே உருட்டுக் கம்பும் மறு சட்டத்தின் காலில் முட்டத்தான் செய்யும். அதை விட்டுவிட்டேன். மடக்கினால் அரைச் சாண், சுமார் 11 செ.மீ. பருமன் இருக்கும். பஸ் சீட்டுக்கு அடியில் போய்விடுகிறது. அந்த இடைவெளி இருப்பதால் அங்கே விரலும் நசுங்குவதில்லை.

துணி

கேன்வாஸைத் திசை பார்த்து வெட்ட வேண்டும். பாவு நூல், அதாவது துணியின் கரையோடு இணையாக ஓடும் நூல், ஒரு கம்பிலிருந்து மறு கம்புக்குப் போகும்படி வையுங்கள். 50 செ.மீ. பக்கம் அந்தத் திசையில். பக்க ஓரங்களை மடித்துத் தைத்தபின் அகலம் 35 வரும்.

ரெண்டு முனையிலும் கம்பு நுழையும் உறை. முனையை 2 செ.மீ. உள்ளே மடித்து, பிறகு 5 செ.மீ. அகலத்துக்கு மடித்துத் தையுங்கள். ஒரு உறையின் தையலிலிருந்து மறு உறையின் தையல்வரை 26 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கம்பு போட்டதும் மையத்துக்கு மையம் 31 வரும். உட்கார்ந்ததும் துணி தொய்ந்து அகலம் 30-க்கு வந்துவிடும்.

வீட்டுத் தையல் மிஷினில் இது ஓடாது. ஊசி உடையும். பேக் தைக்கும் கடையிலோ, செருப்புத் தைப்பவரிடமோ கொடுத்து, கெட்டியான நைலான் நூலில் ஒவ்வொரு உறைக்கும் மூன்று வரிசை போடச் சொல்லுங்கள். தையலின் ரெண்டு முனையிலும் முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்ட வேண்டும். பிரிய ஆரம்பிப்பது எப்போதும் ஓரத்தில்தான்.

பூட்டுவது

உப்புத்தாளை 80, 120, 220 என்று வரிசையாகத் தேய்த்து, கால்களின் மேல் முனையைப் பாட்டில் மூடி வைத்து வரைந்து வட்டமாக்குங்கள். ஆளிவிதை எண்ணெயோ வார்னிஷோ உங்கள் இஷ்டம்.

போல்ட் தலைக்குக் கீழே ஒரு வாஷர், ரெண்டு காலுக்கும் நடுவே ஒன்று, நட்டுக்குக் கீழே ஒன்று. நடு வாஷரை மறந்தால் மரம் மரத்தோடு உரசிக் கிறீச்சிடும். நட்டை, சட்டம் தானாக விழாமல் கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு இறுக்குங்கள்.

கம்புகளைப் பக்கவாட்டிலிருந்து கால், உறை, மறு கால் என்று செருகி, ஒவ்வொரு முனையிலும் காலின் விளிம்பு வழியாக ஒரு 1¼ இஞ்ச் ஸ்க்ரூ. இங்கே பசை வேண்டாம். ஈஸிசேரில் கம்பை உருவிவிட்டுத் துணியைத் துவைக்கப் போடுவோமே, அந்த வசதி இதிலும் இருக்கட்டும். பசையே இல்லாமல் இன்னும் ஒருபடி மேலே போனவர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரிகள் முகாமுக்கு முகாம் கொண்டுபோன ரூர்க்கி நாற்காலியில் குறுக்குக் கம்புகளின் முனை கூம்பாக இருக்கும். கையால் காலில் செருகினால் போதும். உட்காருபவரின் எடையும் துணியின் இழுப்புமே மூட்டை இறுக்கிவிடும். 1933-இல் டென்மார்க்கின் கோரே கிளின்ட் வடிவமைத்த சஃபாரி நாற்காலி இதைப் பார்த்து வந்ததுதான்.

பாதம் அறுப்பது, சோதிப்பது

ஸ்டூலை மட்டமான தரையில் விரித்து நிறுத்துங்கள். கால்கள் செங்குத்திலிருந்து 37 டிகிரி சாய்ந்திருக்கும், பாதத்தின் ஒரு மூலை மட்டும் தரையில் படும். கோணமானியைத் தேட வேண்டாம். 2 செ.மீ. கனத்தில் ஒரு மரத்துண்டைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் பென்சிலைக் கிடத்தி, நாலு காலைச் சுற்றியும் கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் நாலு பாதமும் ஒரே மட்டத்தில் உட்காரும்.

முதல் ஆளாக நீங்கள் உட்காராதீர்கள். 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றை வையுங்கள், பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. தையல் ஓரத்தில் நூல் விலகுகிறதா, போல்ட் துளையில் விரிசல் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு சுவரில் கை ஊன்றி மெதுவாக நீங்கள். இந்த அளவுகளுக்கு 80 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே போனால் கம்பையும் காலையும் தடிமனாக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால், விரிக்கும்போது கால்கள் குறுக்கிடும் இடத்தில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

எங்கள் ஸ்டூல் தேக்கில் சுமார் இரண்டரைக் கிலோ வந்தது. மிச்சத் துணியில் ஒரு வார் தைத்துப் போட்டேன், அம்மா தோளில் மாட்டிக்கொள்கிறார். ஒரு மாசம் ஓடியதும் துணியை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மையத்துக்கு மையம் 33-ஐத் தாண்டியிருந்தால் உறையைப் பிரித்துப் பிடித்துத் தைத்துவிடுங்கள்.