ரக்பி ஆடுகிறீர்கள், ஆஸ்துமாவும் இருக்கிறதா? பஃப்பை எண்ணப் பழகுங்கள்

இன்ஹேலர் அடித்தாலே ஊக்கமருந்து சோதனையில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, மேட்ச் அன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த வேலையே வேண்டாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மருந்துள்ள இன்ஹேலருக்கு அனுமதி இருக்கிறது, அளவுதான் முக்கியம்: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்தை எடுத்தாலும் 600-ஐத் தாண்டக்கூடாது.

ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் என்றால் 8 மணி நேரத்துக்கு ஆறு பஃப். வார்ம்-அப்புக்கு முன் இரண்டு, இடைவேளையில் இரண்டு, ஆட்டம் முடிந்து இரைக்கும்போது இரண்டு, அவ்வளவுதான், கணக்கு முடிந்துவிட்டது. முதலில் அடித்த நேரத்தை போனில் குறித்து வையுங்கள். (ஒவ்வொரு மேட்சுக்கும் ஆறு தேவைப்படுகிறது என்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை, முதலில் டாக்டரைப் பாருங்கள்.)

தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலருக்குத் தடை இல்லை, மான்டெலுகாஸ்ட் மாத்திரைக்கும் இல்லை. ஆனால் அதே ஸ்டீராய்டு மாத்திரையாகவோ ஊசியாகவோ வந்தால் போட்டிக் காலத்தில் தடை.

எனக்குப் பெரிய பயம், மருந்தை ஆவிபோல் மாற்றி மாஸ்க் வழியாகக் கொடுக்கும் நெபுலைசர்தான். வழக்கமான ஒரு டோஸ் சால்புடமால் 2.5 மில்லிகிராம், அதாவது 2,500 மைக்ரோகிராம். ஒரே தடவையில் நாள் முழுவதற்குமான வரம்பு தாண்டிவிடும். அதற்காக மூச்சுத் திணறும்போது வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், உயிர்தான் முதலில். அப்புறம் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொண்டு, உடனே டி.யூ.இ. என்கிற மருத்துவ விலக்குக்கு விண்ணப்பியுங்கள். அவசர சிகிச்சைக்குப் பின்தேதியிட்டும் அது கிடைக்கும்.

சால்புடமால் போலவே மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்புடலின் என்ற மருந்து எந்த வடிவிலும் டி.யூ.இ. இல்லாமல் கூடாது, சால்புடமாலை வாய்வழியாகக் குடிப்பதும் கூடாது. இரண்டுமே சளி, இருமல் சிரப்புகளில் ஒளிந்திருக்கும், அதனால் பாட்டிலின் முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 'டாக்டர்தான் கொடுத்தார்' என்பது எடுபடாது, உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு.

சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எதையாவது சேர்த்து எடுத்தால் அனுமதிக்கப்பட்ட அளவு சால்புடமாலே பிரச்சினையாகிவிடும், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சோதனைக்குக் கூப்பிட்டால், கடந்த 7 நாட்களில் எடுத்த மருந்துகளைப் படிவத்தில் கேட்பார்கள். இன்ஹேலரையும் மறக்காமல் எழுதுங்கள், எத்தனை பஃப் என்பதோடு.