இடுப்பு முள்ளெலும்பு மொபிலைசேஷன்: கட்டைவிரலைக் கெடுத்துக்கொள்ளாமல் செய்வது எப்படி?

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர், மேசையில் குப்புறப் படுப்பதற்கு முன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ காலால் பிறந்த பிள்ளையா சாமி?" இடுப்புப் பிடித்துக்கொண்டால், கால் முன்னே வரப் பிறந்தவரை அழைத்து மிதிக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். தலையால் பிறந்தவன்தான், ஆனால் நான்கரை வருடம் பிசியோதெரபி படித்திருக்கிறேன் என்றேன். அவருக்கு அது போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

படிப்பை முடித்துப் புதிதாகக் கிளினிக்கில் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவர் முதுகில் இன்னொருவர் செய்து பார்ப்பதற்காக அல்ல. எடுத்துக்கொள்வது ஒரே ஒரு முறை: முள்ளெலும்பைப் பின்னிருந்து முன்னோக்கி அழுத்தி அசைக்கும் பி.ஏ. மொபிலைசேஷன். ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் வகுத்த கிரேடுகளை, அதாவது அசைவின் அளவுப் படிகளை, பின்பற்றுகிறேன்.

கை வைக்கும் முன்

பரிசோதனை முறைகள் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், காலில் பலம் குறைந்துகொண்டே வருதல், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய், கீழே விழுந்த அடி, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை என்று எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள். முள்ளெலும்பு முன்பக்கம் சரிந்திருந்தால் அந்த இடத்தில் இந்த அழுத்தம் கூடவே கூடாது. பாட்டிக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்து, எலும்பின் திடத்தை டாக்டரிடம் கேட்டுக்கொண்ட பிறகே தொட்டேன்.

படி 1: மேசை

மேசை உங்கள் நடுத்தொடை உயரத்தில் இருக்கட்டும். விலை உயர்ந்த ஹைட்ராலிக் மேசை வேண்டியதில்லை. தச்சர் செய்த மரமேசையும் தரையில் போட ஒரு மரப்பலகையும் எனக்குப் போதுமானதாக இருக்கின்றன. மேசை உயரமாக இருந்தால் பலகைமேல் ஏறி நின்றுகொள்கிறேன். நோயாளியின் வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை ஒன்று.

படி 2: இடம் பார்த்தல்

இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரு கைகளையும் வைத்து, கட்டைவிரல்களை நடுவே கொண்டுவந்தால் ஏறக்குறைய எல்4, அதாவது இடுப்பின் நான்காம் முள்ளெலும்பு. சதைமேல் தடவுவதால் கை ஓர் எலும்பு மேலே போய்விடுவது சகஜம். அதனால் கீழே சேக்ரம் என்ற முக்கோண எலும்பிலிருந்து மேலேறியும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணைவிட முக்கியம், எது விறைப்பாக இருக்கிறது, எதைத் தொட்டால் "அங்கேதான்" என்கிறார் என்பது.

படி 3: சாய்வது

நான் சறுக்கிய இடம் இது. பயிற்சிக் காலத்தில் இரண்டு கட்டைவிரல்களாலும் மணிக்கணக்கில் அழுத்தினேன். மூன்றாம் மாதம் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. வலிக்கிறதென்று கட்டைவிரலுக்கு ஐஸ் வைத்தேனே தவிர, தவறு எங்கே என்று யோசிக்கவில்லை. தவறு விரலில் இல்லை, நான் நின்ற நிலையில் இருந்தது. எட்ட நின்று, கையின் பலத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இப்போது செய்வது இப்படி: மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் பட்டாணி எலும்பை ஒட்டிய சதைப்பகுதியை முள்ளெலும்பின் நுனிமேல் பதிக்கிறேன். மறு கை அதன்மேல். முழங்கை லேசாக மடிந்திருக்கும். நெஞ்சு நேராகக் கைக்கு மேலே வரும்வரை நெருங்கி நின்று, உடம்பை முன்னே சாய்க்கிறேன். கை வெறும் தூண்தான், எடை உடம்பிலிருந்து வருகிறது.

பழகுவதற்கு எடை பார்க்கும் மெஷினை மேசையில் வைத்து அதன்மேல் சாயுங்கள். முள்ளை 5 கிலோவில் நிறுத்தி, அங்கிருந்து 8, மறுபடி 5 என்று சீராக ஆட்டுங்கள். முள் துள்ளினால் நீங்கள் இன்னும் கையால் தள்ளுகிறீர்கள். டிஜிட்டல் மெஷின் வேண்டாம், எண் நிலைகொள்ளும் முன் கை நகர்ந்துவிடும்.

அடுத்தது, தடை எங்கே தொடங்குகிறது என்று உணர்வது. ராகிக் களி கிண்டியவர்களுக்கு எளிதில் புரியும். மாவு போட்டதும் துடுப்பு தாராளமாகச் சுழலும். ஒரு கட்டத்தில் களி துடுப்பைப் பிடிக்கும். முதுகிலும் அந்தப் பிடி தெரியும். கிரேடு 1, 2 இரண்டும் அந்தப் பிடிக்கு முன்பே நின்றுவிடும் அசைவுகள். 1 சிறியது, 2 பெரியது. 3, 4 பிடிக்குள்ளே போகும். 3 பெரியது, 4 கடைசி எல்லையில் சின்னது. தொட்டாலே வலிக்கிறவருக்கு 1, 2. வலி குறைவு, விறைப்பு அதிகம் என்றால் 3, 4. சொடக்கு எடுக்கும் 5 இந்தப் பதிவில் கிடையாது.

படி 4: அளவு

நொடிக்கு இரண்டு அசைவு, அரை நிமிடம். எழுப்பி நிற்கவைத்துப் பாருங்கள். பிறகு இன்னும் இரண்டு சுற்று. பாலக்கோடு தக்காளி மண்டியில் கிரேடு தூக்குகிறவர் ஒருவர் குனிந்தபோது விரல் முழங்காலோடு நின்றது. மூன்று சுற்றுக்குப் பின் முழங்காலைத் தாண்டி, கீழ்க்காலின் பாதிவரை போனது. (அவருக்குக் கிரேடு என்றால் பெட்டி. "கிரேடு 2 போடுகிறேன்" என்றதும் திடுக்கிட்டார்.) மூன்று சுற்றிலும் மாற்றமே இல்லையென்றால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், முறையை மாற்றுங்கள்.

கிடைத்த அசைவு தானாகத் தங்காது. அன்றே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். "விலகிய எலும்பை ஏற்றிவிட்டேன்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். எலும்பு விலகியிருக்கவுமில்லை, நாம் ஏற்றவுமில்லை. வலியை நரம்பு மண்டலம் வாங்கும் விதம் சற்று இளகுகிறது, அவ்வளவுதான். எலும்பு விலகியது என்று சொல்லிப் பழக்கினால் தும்மினாலும் "மறுபடி விலகிவிட்டது" என்று வந்து நிற்பார்கள்.

பின்சேர்க்கை 1: எண்ணெய் போடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒகேனக்கல் எண்ணெய்க் குளியல் மசாஜுக்குப் பழகிய ஊர், கேட்கத்தான் செய்வார்கள். இதற்கு எண்ணெய் ஆகாது. கை வழுக்கினால் எலும்பின் நுனியை விட்டுச் சதையைத்தான் அழுத்துவீர்கள். வியர்வை இருந்தால் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, தோல் உலர்ந்த பிறகு தொடங்குங்கள்.

பின்சேர்க்கை 2: வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தரும் ஒருவர், எவ்வளவு சாய்ந்தாலும் தடையே தெரியவில்லை என்று எழுதியிருந்தார். எதன்மேல் படுக்கவைத்தீர்கள் என்று கேட்டேன். கயிற்றுக் கட்டிலாம்! நாம் அழுத்த அழுத்தக் கட்டில் தொய்கிறது, முள்ளெலும்பு அசைவதில்லை. தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டு, பக்கத்தில் மண்டியிட்டுச் செய்யுங்கள். உங்கள் முழங்காலுக்கும் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.