மந்திரச் சொல்லும் பெண்படையும்: ஃபேன்டஸி நாவலைக் கட்டும் முறை

நாயகி ஏதோ முணுமுணுக்கிறாள், நெருப்பு பாய்கிறது, தலைமைப் பூசாரி சாய்கிறான். அவள் வாயிலிருந்த சொல்லை எடுத்துவிட்டுக் கையில் வில்லைக் கொடுங்கள். கதை அப்படியே நடக்கிறதா? அப்படியென்றால் சொல் இன்னும் உங்கள் கதைக்குள் வரவில்லை. மத அதிகாரத்தைச் சொல்லால் எதிர்க்கும் பெண்களைப் பற்றி எழுத உட்காரும்போது முதல் வேலை, அந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது, யார் கையில் இருக்கிறது என்று முடிவு செய்வது. வரைபடம், அரச வம்சம், ஆடை அணிகலன் எல்லாம் அதற்குப் பிறகு.

சொல்லின் சட்டம்

தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்துக்குத் தரும் இலக்கணம் ஃபேன்டஸி எழுத்தாளருக்கென்றே எழுதியது போல இருக்கும். நிறைமொழி மாந்தர் ஆணையால் சொல்லும் மறைமொழியே மந்திரம் என்கிறது அது. இதில் மூன்று நிபந்தனைகள் உண்டு. சொல்பவர் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். ஆணை இருக்க வேண்டும். மொழி மறைந்திருக்க வேண்டும். கொடுங்கோன்மையை இந்த மூன்றிலிருந்தே கட்டிவிடலாம். யாருக்குத் தகுதி என்பதைக் கோயில் தீர்மானிக்கும். ஆணையைக் கோயில் விற்கும். மறைமொழியைக் கோயில் பூட்டி வைக்கும். உங்கள் உலகத்தின் மந்திரச் சட்டமும் மத அதிகாரமும் ஒரே பொருளாகிவிட்டால், நாயகி ஒரு வரி சொன்னாலே அது கலகம். தனியாக முழக்கம் எதுவும் தேவையில்லை.

அடுத்து, மந்திரத்தை உண்மையாகவே எழுதுங்கள். "அவள் பழைய மந்திரத்தை உச்சரித்தாள்" என்று தாண்டிப் போகக் கூடாது. 'ஹ்ரூம் க்ரௌம்' என்று ஒலிக்கூட்டமும் வேண்டாம். தமிழில் இதற்குக் கையில் கிடைத்த வரம் குறள் வெண்பா. ஏழே சீர். வாசகர் மனத்தில் நிற்கும். சரியா தப்பா என்று சோதிக்கக் கறாரான விதியும் இருக்கிறது. மாதிரிக்கு, கதவு திறக்கும் மந்திரம் ஒன்று:

கல்லால் அடைத்த கதவம் திறவாயோ
சொல்லால் திறப்போம் இனி

சீர்களை அசை பிரித்தால் வரும் வாய்பாட்டுப் பெயர்கள் இவை: தேமா, புளிமா, புளிமா, புளிமாங்காய். தேமா, புளிமா, மலர். மாச்சீரை அடுத்து நிரை (இரண்டு உயிரொலி சேர்ந்த அசை), காய்ச்சீரை அடுத்து நேர் (ஓர் உயிரொலி மட்டும் உள்ள அசை), ஈற்றில் மலர் என்னும் வாய்பாடு. எல்லாம் பொருந்துகிறது. இப்போது 'அடைத்த' என்பதை எடுத்துவிட்டு 'மூடிய' என்று போடுங்கள். பொருள் துளியும் மாறவில்லை. ஆனால் 'மூடிய' கூவிளம்: தேமாவை அடுத்து நேர் வந்து தளை (சீரோடு சீர் இணையும் விதி) தட்டுகிறது, பிறகு விளத்தை அடுத்து நிரை வந்து மறுபடியும் தட்டுகிறது. உங்கள் உலகத்தில் தளை தட்டினால் மந்திரம் இறந்துவிடும் என்று விதி வைத்தால், சதி வேலைக்கு ஒரு சீர் போதும். கோயில் பிரதியாளன் ஒரு சொல்லை மாற்றி ஓலையைக் கசியவிடுகிறான். அதை நம்பி வாசலுக்குப் போன படை அங்கேயே சிக்குகிறது. மூன்றாம் அத்தியாயத்திலேயே சரியான வடிவத்தைக் கேட்டுப் பழகிய வாசகருக்கு, பதினைந்தாம் அத்தியாயத்தில் அந்த வரி இடறும்போது நெஞ்சு பதறும். பாத்திரங்களுக்கு முன்பே வாசகர் கண்டுபிடிக்கும் அந்தக் கணத்துக்காக மரபிலக்கணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஒரு நாவலுக்கு இப்படி ஏழெட்டு மந்திரங்கள் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் வாசகர் எதையும் நினைவில் வைக்கமாட்டார். ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்புகள் எழுதி வையுங்கள்: என்ன செய்யும், என்ன விலை கேட்கும், பாதியில் நின்றால் என்ன ஆகும். செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்கள், பாட்டின் முதற்சொல்லுக்குச் சொல்லும் பத்துப் பொருத்தங்களையும் ஒருமுறை புரட்டுங்கள். எழுத்துகளை அமுதம், நஞ்சு என்று பிரிக்கும் உண்டிப் பொருத்தம் ஒன்றே ஒரு கிளைக்கதைக்குத் தீனி போடும்.

ஓலையும் காதும்

பெண்களிடம் இருப்பது என்ன, கோயிலிடம் இல்லாதது என்ன? இதற்கு விடை சொல்லாமல் எழுதினால் எதிர்ப்புக்கு அடித்தளமே இருக்காது. பழைய ஏட்டுச்சுவடிகள் நல்ல வழி காட்டுகின்றன. ஓலையில் புள்ளி வைப்பது பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வரிவடிவ வேறுபாடு தெரியாது. துணைக்காலும் (ா) ரகரமும் பல சுவடிகளில் ஒன்றுபோல இருக்கும். ஏ, ஓ நெடில்களுக்குத் தனி வடிவம் தந்த வீரமாமுனிவரின் திருத்தம் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆக, நம் குறளின் இரண்டாம் அடி ஓலையில் இப்படி நிற்கும்: 'சொலலால திறபபொம இனி'. ஒலியைக் காதால் கேட்டு வளராதவர் இதைச் சரியாகச் சொல்ல முடியாது. 'கொல்' என்பதும் 'கோல்' என்பதும் ஓலையில் ஒன்றே. தலைமைப் பூசாரி 'கொல்' என்று படித்துத் தண்டனை வழங்கிய வரியைப் பாட்டி 'கோல்' என்று பாடி வந்திருக்கலாம்.

எனவே ஏடு கோயிலிடம் இருக்கட்டும், ஒலி பெண்களிடம் இருக்கட்டும். தாலாட்டிலும் நடவுப் பாட்டிலும் ஒப்பாரியிலும் ஒளிந்து தலைமுறை தாண்டி வந்த ஒலி அது.

கடத்தல் காட்சிக்கும் ஓலை உதவும். எழுத்தாணியால் கீறிய எழுத்து, விளக்குக் கரியும் இலைச்சாறும் மஞ்சளும் தடவும் வரை கண்ணுக்கு எளிதில் படாது. வெறும் ஓலைக் கட்டு என்று காவலைத் தாண்டிய ஏட்டில், மறுபக்கம் போய்க் கரியைத் தேய்த்ததும் எழுத்து எழும்பி வரும். அந்தக் காட்சியை அவசரப்படாமல் எழுதுங்கள்: கரி விரல்நுனியில் ஒட்டுவது, துணியால் துடைத்ததும் பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்குவது, முதலில் தெரியும் எழுத்து எது என்பது.

சண்டை

மந்திரத்துக்கு நேரம் ஆகும். எவ்வளவு என்று எண்ணுங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. 'அடைத்த'வின் ஐகாரம் இடையில் குறுகி ஒரு மாத்திரையாகும் என்று கொண்டால், மேலே உள்ள குறள் மொத்தம் 28 மாத்திரை. மாத்திரைக்குக் கால் விநாடி என்று நீங்கள் வகுத்துக்கொண்டால் ஏழு விநாடி. ஏழு விநாடியில் வாளோடு ஓடி வருபவன் சுமார் முப்பது மீட்டர் கடந்துவிடுவான். ஆக, சொல்பவள் தனியாக நின்றால் செத்தாள். அவளைச் சுற்றிப் படை ஏன் வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஐந்து பேர் கொண்ட அணி வசதியானது. நடுவில் சொல்பவள், இரு பக்கம் கேடயம், முன்னால் சிலம்பம், பின்னால் இன்னொருத்தி. பின்னால் நிற்பவளின் வேலை காது கொடுப்பது: சொல்பவள் விழுந்தால் அதே சீரிலிருந்து ஓசை அறுபடாமல் தொடர வேண்டும். ஓடிவந்து மூச்சிரைப்பவளால் நெடிலை இழுக்க முடியாது. அதனால் சொல்பவள் ஓடக் கூடாது, மற்றவர்கள் இடம் பிடித்துத் தரவேண்டும். புகை, இருமல், உடைந்த பல், பயத்தில் வறண்ட நாக்கு எல்லாமே இங்கே ஆயுதச் சேதம்தான்.

ஆயுதங்களில் அடிக்கடி வரும் பிழைகள் சில. சிலம்பக் கம்பு ஏறக்குறைய நெற்றி உயரம். குறுகிய கோயில் நடையில் அதைச் சுழற்ற இடம் இருக்காது, குத்தவும் தடுக்கவுமே முடியும். சுருள்வாளைத் தோழிகள் நெருங்கி நிற்கும் அணிக்குள் வீசவே கூடாது. வளைந்த எறிகருவியான வளரிக்கு வெட்டவெளி வேண்டும்.

பெண்படை என்றதும் பிறவி வீரம் என்று விட்டுவிடாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி அரசில் அரண்மனையில் குடியிருந்த பெண் படையினர் கடும் பயிற்சி பெற்று, 1890களில் பிரெஞ்சுப் படைகளை நேருக்கு நேர் எதிர்த்தார்கள். வேலு நாச்சியார் 1780இல் சிவகங்கையை மீட்டதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான தலைமறைவும் ஹைதர் அலியின் உதவியும் இருந்தன. சோறு எங்கிருந்து வருகிறது, யார் பயிற்சி தருகிறார்கள், மாதவிலக்கு நாளில் நடைப்பயணம் எப்படி என்பதெல்லாம் நாவலின் பக்கங்களில் இருக்க வேண்டும்.

விசாரணைக் கூடம்

இந்த வகைக் கதையில் போர்க்களத்தை விடச் சூடான இடம் இதுதான். 1431இல் பிரான்சின் ரூவான் நகரில் நடந்த திருச்சபை விசாரணையில் ஏறக்குறைய 19 வயது ஜோன் ஆஃப் ஆர்க்கிடம், நீ இறையருளில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். ஆம் என்றால் மனிதர் அறிய முடியாததை அறிந்ததாகச் சொன்ன குற்றம். இல்லை என்றால் குற்ற ஒப்புதல். இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருந்தால் அதிலேயே வைத்திருக்கட்டும் என்றாள். அதே ஆண்டு எரித்தார்கள். 1456இல் தீர்ப்பு ரத்தானது. உங்கள் விசாரணைக் காட்சியிலும் இரு பக்கமும் பொறி வைத்த கேள்வி ஒன்றாவது வேண்டும். அதை எழுத முடியவில்லை என்றால், உங்கள் மதத்தின் கோட்பாட்டை நீங்கள் இன்னும் முழுதாக வகுக்கவில்லை என்று பொருள்.

மௌனமும் ஒரு வழி. பிரெஞ்சு மொழியில் எழுதிய ஞானி மார்கரீத் போரெத் விசாரணையாளருக்குப் பதில் சொல்ல மறுத்து 1310இல் பாரிஸில் எரிக்கப்பட்டார். அவர் எழுதிய நூல் பெயரில்லாமல் பிரதியெடுக்கப்பட்டு நூற்றாண்டுகள் வாழ்ந்தது. அது அவருடையது என்பது 1946இல்தான் அடையாளம் காணப்பட்டது.

எதிர்த் தரப்பை ஒரே நிறத்தில் பூசாதீர்கள். உண்மையாகவே நம்பும் ஒருவர், பதவிக்காக இருப்பவர், பயத்தில் கையெழுத்திடுபவர், சந்தேகம் வந்தும் பிரதி எடுத்துக்கொண்டே இருப்பவர் என்று நாலு பேராவது பெயரோடு வேண்டும். நாயகிக்கும் பக்தி இருக்கட்டும். நம்பாதவளுக்கு இந்தப் போரில் இழக்க ஒன்றுமில்லை. அவள் காதலிக்கும் சொல்லையே அவளுக்கு எதிராகத் திருப்புகிறார்கள் என்பதுதான் வலி. நிஜமான ஒரு சமூகத்தை அப்படியே பெயர் மாற்றி வைப்பதும் வேண்டாம். உங்கள் கோயிலுக்கென ஓர் அதிகாரம் கண்டுபிடியுங்கள்: பிறந்த குழந்தைக்குக் கோயில்தான் பெயர் சூட்ட வேண்டும், பெயரில்லாதவர் பெயரில் நிலம் எழுத முடியாது என்பது போல, வயிற்றைத் தொடும் அதிகாரமாக.

அளவும் முடிவும்

முதல் நாவலுக்கு 90,000 சொற்கள் போதும். 3,000 சொல்லில் முப்பது அத்தியாயம். மந்திரம் முழுதாக வெல்வது மூன்றாவதில். விலை தெரிவது ஆறில். பாதியில் அறுந்து ஒருத்தி சாவது ஒன்பதில். திருத்திய ஓலை பதினைந்தில். பிறகு மூலத்தைத் தேடும் நீண்ட பகுதி. சோர்வு தட்டும் இடம் இதுதான். தேடலை ஊர் ஊராக அலைவதாக வைக்காமல், மறதி வந்த ஒரு கிழவியின் நினைவில் ஒரு சீரை மீட்பதாக வைத்துப் பாருங்கள்.

முடிவுக்கான முடிச்சை மூன்றாம் நிபந்தனையே தருகிறது. மறைந்திருந்தால்தான் மந்திரம். எல்லோருக்கும் சொல்லிவிட்டால் அதன் ஆற்றல் போகும். சொல்லாமல் வைத்திருந்தால் இந்தப் பெண்களே அடுத்த கோயில் ஆவார்கள். ராமானுஜர் 18 முறை நடந்து பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் ஊரறியச் சொன்னதாக வழங்கும் கதையில், அவர் கொடுக்கத் துணிந்த விலை நரகம். உங்கள் படை எந்த விலையைக் கொடுக்கும் என்பதை இருபதாம் அத்தியாயத்துக்கு முன்பே தீர்மானித்து, அதைத் தாங்கப்போகிறவளுக்கு முன்கூட்டியே பக்கங்கள் ஒதுக்குங்கள்.

கடைசித் திருத்தத்தை வாய்விட்டுப் படித்துச் செய்யுங்கள். பிரதியைப் பார்க்காத ஒருவரை எதிரில் உட்காரவைத்து மூன்றாம் அத்தியாயத்தையும் பதினைந்தாம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டுங்கள். 'மூடிய' வரும்போது அவர் முகம் சுளிக்கவில்லை என்றால், நடுவில் இன்னும் இரண்டு இடங்களில் அந்தக் குறள் முழுதாக ஒலிக்க வேண்டும்.