"ஒரு நொடி வேலைதானே சார்?"

போன வாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் மைக்ரேஷன் கோப்பைச் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் கட்டளைகள் கொண்டது) சரிபார்த்தேன். ஆர்டர் டேபிளில் ஒரு நெடுவரிசை கூடுகிறது, அவ்வளவுதான். தளம் பரபரப்பாக இருக்கும் பட்டப்பகலில் ஓட்டப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். "ஒரு நொடி வேலைதானே சார்?" என்றார். இதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

மைக்ரேஷனில் நடக்கும் சில தவறுகளைப் பற்றித்தான் இது. பேக்கப் எடுங்கள், கோப்புக்கு நல்ல பெயர் வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

பெயர் மாற்றத்தைக் கருவியிடம் விட்டுவிடுவது

மாடலில் (டேபிளை விவரிக்கும் நிரல்) 'போன்' என்பதை 'மொபைல்' என்று மாற்றினால், பெயரைத்தான் மாற்றினீர்களா என்று பைதான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோ கேட்கும். யோசிக்காமல் என்டர் தட்டினால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். பழைய நெடுவரிசையை அழித்து, வெறுமையான புதியதைச் சேர்க்கும் கோப்பு தயாராகிவிடும். அலெம்பிக் என்ற இன்னொரு மைக்ரேஷன் கருவி தானாகக் கோப்பை உருவாக்கும்போதோ அந்தக் கேள்விகூட இருக்காது. கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்காமல் ஓட்டாதீர்கள்.

ஏற்கெனவே ஓடிய கோப்பைத் திருத்துவது

கூடாது. புதுக் கோப்பு எழுதுங்கள்.

பூட்டுக்கான வரிசையை மறப்பது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நெடுவரிசை சேர்ப்பது உண்மையிலேயே சில மில்லிநொடி வேலைதான். 2018-ல் வந்த 11-ம் பதிப்பிலிருந்து, நிலையான இயல்பு மதிப்போடு சேர்த்தாலும் டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படுவதில்லை. ஆனால் அந்தச் சில மில்லிநொடிக்கு டேபிளின் மீது முழுப்பூட்டு வேண்டும். யாராவது அதைப் படித்துக்கொண்டிருந்தால்கூட அந்தப் பூட்டு கிடைக்காது.

'ஒரு நொடி வேலைதானே' என்று நானும் சொன்ன அந்த நாளில், காலை பதினொரு மணிக்கு இப்படியொரு மைக்ரேஷனை ஓட்டியபோது, கணக்குப் பிரிவில் ஒருவர் அதே டேபிளில் மாதாந்திர அறிக்கை எடுத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிட வினவல் அது. அது முடியட்டும் என்று என் கட்டளை காத்திருந்தது. அதுவரை தவறில்லை. ஆனால் அதற்குப் பின்னால் வந்த சாதாரண வாசிப்புகளும் என் கட்டளையைத் தாண்டிப் போக முடியாமல் வரிசையில் நின்றன. ரயில் வரவே இல்லை. கேட்டை மட்டும் மூடிவிட்டேன். இணைப்புகள் ஒவ்வொன்றாக நிரம்பித் தளம் முடங்கியது.

சர்வரின் சிபியு சும்மா இருந்ததுதான் எங்களைக் குழப்பியது. செயலியை இரண்டு முறை மறுதொடக்கம் செய்தோம், பயனில்லை. எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைப் பார்த்தால், பூட்டுக்காகக் காத்திருப்பவை பக்கம் பக்கமாக வந்தன. அவற்றில் மிகப் பழையது என்னுடையது. அதை ரத்து செய்த மறுநொடியே தளம் எழுந்தது.

சோதனைத் தளத்தில் யாரும் அறிக்கை எடுப்பதில்லை. அதனால் அங்கே இந்தத் தவறு ஒருநாளும் தலைகாட்டாது. அதைவிட எரிச்சல், பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் லாக்_டைம்அவுட் அமைப்பு இயல்பாகவே பூஜ்யமாக இருப்பது. எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று அதற்குப் பொருள். கோப்பின் முதல் வரியிலேயே அதை மூன்று நொடி என்று வைத்துவிடுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் மைக்ரேஷன் தோற்கும். தோற்கட்டும், சற்றுப் பொறுத்து மறுபடி ஓட்டலாம். இளைஞரின் கோப்பில் அந்த வரியைச் சேர்க்க வைத்தேன். முதல் முயற்சி தோற்றது, இரண்டாவதில் போயிற்று. தளத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இண்டெக்ஸ்

தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸைப் போஸ்ட்கிரெஸின் பெரிய டேபிளில் 'கன்கரன்ட்லி' என்ற சொல் இல்லாமல் உருவாக்கினால், முடியும்வரை அந்த டேபிளில் எழுதும் வேலைகள் எல்லாம் நிற்கும். அந்தச் சொல்லைச் சேர்த்தால் டிரான்சாக்‌ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்ற கட்டளைத் தொகுப்பு) ஓடாது. மைக்ரேஷன் கருவியில் அதற்கென இருக்கும் அமைப்பை மாற்ற வேண்டும். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் ஐந்து மாற்றங்களை ஒரே கோப்பில் அடைப்பது

இந்த டேட்டாபேஸில் மூன்றாவது மாற்றம் தோற்றால், ஏற்கெனவே நடந்த முதல் இரண்டும் அப்படியே நிற்கும். ஒரு கோப்புக்கு ஒரு மாற்றம்.